எடைக்கல் மண்

அந்தப் பையைக் கொஞ்சம் நகர்த்தி வையுங்க, பஸ் ஆடற ஆட்டத்துல என் கால்மேல வந்து உக்காந்திருக்குது. என்ன இருக்குது உள்ளே? மண்ணா? பரிசோதனைக்குக் கொண்டு போறீங்களா? தூ! கோவிச்சுக்காதீங்க, உங்களைச் சொல்லல. மண் பரிசோதனை என்கிற பேச்சைக் கேட்டாலே இப்போதெல்லாம் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. என்னவோ குடல் சரிந்து செத்துக் கிடக்கிற எலியைப் பார்த்த மாதிரி.

என் பேர் நாச்சிமுத்து. குண்டடத்தைச் சுற்றி எந்த ஊரில் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்க, மண்ணு நாச்சிமுத்து என்றால் சொல்வார்கள். ரெண்டு டிப்பர், ஒரு பொக்லைன். பதிமூன்று வயசில் எங்கள் அப்பனிடம் உதை வாங்கிக்கொண்டு வீட்டை விட்டு ஓடினவன் நான். ரோட்டு வேலையில் தலையில் சட்டி வைத்து மண் சுமந்தேன். சுமந்த மண்ணையே விற்க ஆரம்பித்தேன். வீட்டு அஸ்திவாரத்துக்கு எது, தென்னங்குழிக்கு எது, செங்கல்லுக்கு எது என்று உள்ளங்கையில் ஒரு பிடி எடுத்து எச்சில் துப்பிப் பிசைந்தால் சொல்லிவிடுவேன். எனக்கு எந்தக் காலேஜும் சொல்லித் தரவில்லை. என்னிடம் பேரம் பேசி ஜெயித்தவன் இந்தத் தாலுகாவில் கிடையாது. ஒருத்தி ஜெயித்தாள். அதைத்தான் சொல்ல வந்தேன்.

போன ஆவணியில் ஒரு வெள்ளைக் கார் வந்து என் கொட்டகை முன்னால் நின்றது. இறங்கினது ஒரு பெண், முப்பது முப்பத்திரண்டு வயசு இருக்கும். டாக்டர் பெனாசிர் என்று சொன்னாள். டாக்டர் என்றதும் யாருக்கோ உடம்பு சரியில்லை போல என்று நினைத்தேன். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, மண்ணுக்குப் படித்த டாக்டராம். கோயமுத்தூருக்குப் பக்கத்தில் ஒரு ஆய்வுக்கூடத்தில் வேலையாம்.

"எத்தனை லோடு வேணுங்க அம்மிணி?" என்றேன்.

"லோடு இல்லீங்க. முதல்ல ரெண்டு கிலோ."

சிரித்துவிட்டேன். "ரெண்டு கிலோ மண்ணைப் பொட்டுக்கடலையாட்டம் பொட்டலம் கட்டித் தரோணுமா?"

அவள் சிரிக்கவில்லை. "பொட்டலம் நானே கொண்டு வந்திருக்கறேன். அஞ்சு வருசமா உரமோ மருந்தோ படாத மண்ணு வேணும். ஒரே காட்டு மண்ணு. வேற எதையும் கலக்கக் கூடாது."

கலக்கக் கூடாதாம்! என் தொழிலே கலக்குவதுதான். கொஞ்சம் குளத்து வண்டல், கொஞ்சம் செம்மண், ரெண்டையும் புரட்டிக் கொடுத்தால் வாங்கினவன் பூப்போல இருக்குது என்று சொல்லிவிட்டுப் போவான். "முதல் தரமா கலந்து தர்றனுங்க, தோட்டத்துல போட்டா சும்மா பிச்சுக்கிட்டு வரும்" என்றேன். அவளுக்கு முதல் தரம் வேண்டாமாம். சாதா மண்தான் வேண்டுமாம். ஆனால் இன்றைக்குக் கொடுத்த மண்ணும் அடுத்த வருஷம் கொடுக்கிற மண்ணும் ஒன்றாகவே இருக்க வேண்டுமாம்.

எதுக்கு என்று கேட்டேன். சும்மா சொல்லக் கூடாது, நின்று பொறுமையாகச் சொன்னாள். பூச்சிமருந்துக் கம்பெனிக்காரன் புதுசாக ஒரு மருந்து செய்தால் அது மண்ணில் எத்தனை நாள் கிடக்கும், மண்புழுவை என்ன செய்யும், அடுத்த வெள்ளாமையை முளைக்க விடுமா என்று பார்த்தாக வேண்டும். ஒவ்வொரு ஆய்வுக்கூடமும் கைக்குக் கிடைத்த மண்ணில் போட்டுப் பார்த்தால் ஒருத்தன் கணக்கு இன்னொருத்தனோடு ஒத்துப் போகாது. அதனால் எல்லோருக்கும் பொதுவாக ஒரு மண். இவ்வளவு மணல், இவ்வளவு களி, இவ்வளவு புளிப்பு என்று எல்லாம் அளந்து எழுதி வைத்த மண்.

"கடையில வைக்கிற எடைக்கல்லு மாதிரி" என்றேன்.

"அதேதானுங்க!" என்றாள். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "இத்தனை வருசமா நான் முக்கால் மணி நேரம் சொல்றதை நீங்க ஒரு வார்த்தையில சொல்லிப்போட்டீங்க."

அங்கேதான் விழுந்தேன். புகழ்ச்சி யாரை விட்டது? இருந்தாலும் கேட்டேன். "ஏனுங்க மேடம், இருக்கறதுல ஒண்ணும் படாத மண்ணாத் தேடி எடுத்துக்கிட்டுப் போயி, அதுல விஷத்தை ஊத்திப் பார்ப்பீங்களா?"

"ஊத்தித்தான் பார்க்கோணும். உள்ள ஊத்திப் பார்த்தாத்தான் வெளியில எவ்வளவு ஊத்தலாம்னு தெரியும்."

எனக்கு அப்போதே அருவருப்பாக இருந்தது. ஆனால் நான் ஒரு லோடுக்கு வாங்குகிற காசை அவள் ஒரு மூட்டைக்குத் தருவேன் என்றாள். அருவருப்பை ஓரமாக வைத்தேன். நீங்களும் வைத்திருப்பீர்கள்.

என் கைவசம் இருந்த அஞ்சு இடத்து மண்ணை எடுத்துக் கொடுத்தேன். பதினைந்து நாள் கழித்துப் போன் பண்ணினாள். அஞ்சும் தேறவில்லை.

"உங்க தக்காளிக் காட்டுல ஏழு மருந்து இருக்குதுங்க."

"ஏழா? நான் அடிச்சது நாலுதானுங்களே!"

"மீதி மூணு உங்களுக்கு முந்தி அடிச்சவங்களது."

நினைத்துப் பாருங்க. அந்தத் தக்காளியைத்தான் என் வீட்டில் ரசம் வைத்துக் குடிக்கிறோம். அன்றைக்கு ராத்திரி நான் ரசம் ஊற்றிக்கொள்ளவில்லை. மறுநாள் ஊற்றிக்கொண்டேன், அது வேறு கதை.

"அஞ்சாறு வருசமா யாருமே தொடாத நிலம் எங்கியாச்சும் இருக்குதுங்களா?" என்று கேட்டாள். இந்த ஊரில் யார் நிலத்தைத் தொடாமல் விடுகிறார்கள்? ஒரே ஒரு இடம்தான் இருந்தது. ஓடைக்கரைக் காடு. எங்கள் பக்கம் காடு என்றால் மரமும் புலியும் இருக்கிற காடு இல்லைங்க, மானாவாரி நிலத்தைத்தான் காடு என்போம். ஒன்றரை ஏக்கர். ஒன்பது வருஷமாக ஏர் படவில்லை, உரம் படவில்லை, ஒரு சொட்டு மருந்து படவில்லை. ஏனென்றால் அதன்மேல் கேஸ் நடக்கிறது. கேஸ் போட்டது நான்தான். என் தங்கச்சி பூவாத்தாள் மேல்.

முகத்தைச் சுளிக்காதீங்க, முழுசாகக் கேட்டுவிட்டுச் சுளியுங்க. அப்பன் சாகும்போது அந்தக் காட்டை அவள் பேருக்கு எழுதி வைத்துவிட்டுப் போனார். கடைசி ஆறு வருஷம் அவள்தான் பார்த்துக்கொண்டாளாம், மலம் மூத்திரம் அள்ளினாளாம். அள்ளட்டும். பெற்ற பெண் அள்ளாமல் யார் அள்ளுவார்கள்? நான் இந்த உடம்பால் சம்பாதித்தவன். எனக்கு அப்பன் சொத்து வேண்டாம். ஆனால் அந்த ஆள் கையால் என் பேரை ஒரு காகிதத்திலாவது எழுதியிருக்கலாம் இல்லையா? ஒரு இடத்தில்கூட எழுதவில்லைங்க. அந்தப் பத்திரத்தில் மகன் ஒருவன் உண்டு என்றுகூட எழுதவில்லை. போட்டேன் கேஸ். தீர்ப்பு வரும்வரை ரெண்டு பேரும் காட்டுக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது என்று தடை வாங்கினேன். அவள் வீடு அந்தக் காட்டு வேலியை ஒட்டியே இருக்கிறது. ஒன்பது வருஷமாக வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நல்லாப் பார்க்கட்டும் என்று விட்டேன்.

அந்தம்மாவுக்கு இந்தக் காட்டில் ரெண்டு கிலோ வேண்டும் என்றதும், என் வக்கீல், ரெண்டு தரப்பும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் மண் எடுக்கலாம் என்றார். ஒன்பது வருஷம் கழித்து நான் அவள் வாசல் ஏற வேண்டியதாயிற்று.

பூவாத்தாள் பனியன் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். திருப்பூர்க் கம்பெனியிலிருந்து மூட்டை மூட்டையாக வரும், உட்கார்ந்து நூல் பிசிறை வெட்டிக் கொடுக்க வேண்டும். கத்தரியைக் கீழே வைக்காமலே, "வாங்கண்ணா" என்றாள்.

"விஷயத்துக்கு வர்றேன்" என்றேன்.

"ஒம்பது வருசம் கழிச்சு வர்றீங்க. ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டு விஷயத்துக்கு வந்தா ஆகாதா?"

குடித்தேன். சொன்னேன். அஞ்சு வருஷ ஒப்பந்தம், வருஷத்துக்கு ரெண்டு தரம் மேல்மண் எடுப்பார்கள், மற்றபடி காட்டைச் சும்மா விட வேண்டும், பொறுப்பாளர் என்று என் பேர் இருக்கும். கடைசியில் சொன்னதில்தான் என் உள்நோக்கத்தை ஒளித்து வைத்திருந்தேன். என் பேர் ஒரு காகிதத்தில் ஏறிவிட்டால் நாளைக்குக் கேஸுக்கு உதவும்.

அவள் பிசிறை ஊதித் தள்ளிவிட்டு என்னைப் பார்த்தாள். "உங்க பேரே இருக்கட்டும். மண்ணு தேறிருச்சுன்னா கேசை வாபஸ் வாங்கிக்கங்க. ஆளுக்குப் பாதி."

"பாதியா? அப்பன் உனக்கு முழுசா எழுதி வச்சதை நீ பாதியாக்கறியா?"

"ஆமாண்ணா. எனக்குக் கோர்ட்டுக்கு வந்து வந்து காலு வலிக்குது. உங்களுக்கு வலிக்கலையா?"

பேரத்தில் இப்படி ஒரு ஆளை நான் பார்த்ததே இல்லை. கையில் முழுசு இருக்கிறது, பாதிக்கு இறங்குகிறாள். இதில் என்னவோ சூது இருக்கிறது என்று தோன்றியது. இருந்தாலும் சரி என்றேன். ஆக இதுதான் பேச்சு, மனசில் வைத்துக்குங்க. மண் தேறினால் கேஸ் முடிந்தது, காடு ஆளுக்குப் பாதி. தேறாவிட்டால் பழையபடி கோர்ட்டு.

முதல் ரெண்டு கிலோவை அந்தம்மா புரட்டாசியில் எடுத்தாள். எடுத்த விதத்தைப் பார்க்க வேண்டுமே! மண்வெட்டியைக் கழுவி, துடைத்து, அப்புறம்தான் வெட்டினாள். ஒரு சாண் ஆழத்துக்கு மேல் போகவில்லை. சல்லடையில் சலித்தாள். நான் வெயிலில் காயப் போட்டுத் தரட்டுமா என்றேன். "ஐயோ வேண்டாங்க, உள்ள இருக்கற உயிரெல்லாம் செத்துரும்" என்று மகனைப் பறிகொடுத்தவள் மாதிரி பதறினாள். மண்ணுக்குள் கண்ணுக்குத் தெரியாத கோடி உயிர் இருக்கிறதாம், அதுதான் மருந்தைத் தின்று தீர்க்கிறதாம். ஈரம் காயாமல் ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு போனாள்.

போகும்போது ரெண்டு பேரையும் நிற்க வைத்துச் சொன்னாள். "காட்டை இப்படியே விட்டுருங்க. புல்லைக்கூடப் புடுங்க வேண்டாம்." பூவாத்தாள் தலையை ஆட்டினாள். நானும் ஆட்டினேன்.

ஒரு மாசத்தில் போன் வந்தது. "அண்ணா, உங்க காடு தங்கமுங்க! எட்டு வருசமா இப்படியொரு மண்ணைத் தேடிட்டு இருந்தேன். ஒண்ணுமே இல்ல அதுல." என் வாழ்நாளில் ஒன்றுமே இல்லை என்று சொல்லி யாரும் ஒரு பொருளைப் பாராட்டினதில்லை. கார்த்திகையில் அவள் மேலதிகாரியும், வெளியூரிலிருந்து கம்பெனிக்காரர்கள் ரெண்டு பேரும் நேரில் பார்க்க வருகிறார்கள், அன்றைக்கே மொத்த மண்ணும் எடுத்துக் கையெழுத்து என்றாள். பூவாத்தாளிடம் போய்ச் சொன்னேன். அவள் அன்றைக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். நானும் உட்கார்ந்து குடித்தேன். அவ்வளவு தூரம் போயிருந்தது.

ஐப்பசியில் மழை கொட்டியது. கார்த்திகை பிறந்து போய்ப் பார்த்தால் காடா அது? பார்த்தீனியம் இடுப்பளவுக்கு. நெருஞ்சி, தும்பை, கோரை, ஊரில் இருக்கிற அத்தனை சனியனும் அங்கேதான் குடியிருந்தது. நடுவே ஒரு கரையான் புற்று, அதைச் சுற்றிக் கட்டெறும்பு. பரதேசித் தலை மாதிரி இருந்தது.

நீங்களே சொல்லுங்க. மாட்டைச் சந்தைக்கு ஓட்டுகிறவன் குளிப்பாட்டி, கொம்பு சீவி, நெற்றியில் பொட்டு வைக்காமல் ஓட்டுவானா? லாரியில் மண் ஏற்றினாலும் மேலே தண்ணீர் தெளித்து மட்டம் தட்டித்தான் நான் அனுப்புவேன். முப்பத்தைந்து வருஷமாக என் சரக்கை ஒருத்தன் முகம் சுளித்துப் பார்த்ததில்லை. வெளியூரிலிருந்து பெரிய மனுஷர்கள் வருகிறார்கள், அவர்கள் முன்னால் இந்தக் கோலத்திலா காட்டுவது? என் மக்காச்சோளத்துக்கு அடித்தது போகக் களைமருந்து மீந்து கிடந்தது. தெளிப்பு டேங்க்கை முதுகில் மாட்டிக்கொண்டு அடித்தேன். எறும்புக்கு வெள்ளைப் பொடி தூவினேன், அந்தம்மா காலைக் கடித்துவிட்டால் யார் பதில் சொல்வது?

அந்தம்மா வேண்டாம் என்றாளே என்கிறீர்களா? புல்லைப் பிடுங்க வேண்டாம் என்றாள். நான் ஒரு புல்லையும் பிடுங்கவில்லையே! நான் அடித்தது களைக்கு. மண்ணுக்கா அடித்தேன்?

கோர்ட்டுத் தடையா? அது இருந்தது. நான் என்ன விதைக்கவா போனேன், நல்லது செய்யப் போனேன்.

பத்தாம் நாள் எல்லாம் கருகிச் சாய்ந்தது. ஆள் வைத்துக் கூட்டி அள்ளினேன். காடு வழித்துவிட்ட மாதிரி பளிச்சென்று இருந்தது. கார்த்திகை கடைசியில் பெரிய மனுஷர்கள் வந்தார்கள். நான் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு நின்றேன். டாக்டரம்மா வேலியைத் தாண்டி வந்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"புல்லெல்லாம் எங்கீங்க?"

"ஆடு மேஞ்சுருச்சுங்க" என்றேன். வாயில் வந்தது அதுதான்.

வேலிக்கு அந்தப் பக்கம் பூவாத்தாள் நின்றிருந்தாள். வாயைத் திறக்கவில்லை. நிலத்தின் வரலாறு என்று அச்சடித்த ஒரு படிவம், பாரம் என்பார்களே, கொடுத்தார்கள். உரம் இட்டதா, இல்லை. மருந்து தெளித்ததா, இல்லை. எல்லாவற்றுக்கும் இல்லை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இருபது மூட்டை எடுத்துக்கொண்டு போனார்கள்.

தை மாசம் ஆய்வுக்கூடத்துக்குக் கூப்பிட்டார்கள், ரெண்டு பேரும் வர வேண்டும் என்று. ஒரே பஸ்ஸில் போனோம். அவள் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். பல்லடம் தாண்டி முறுக்கு வாங்கிப் பாதியை எனக்கு நீட்டினாள். வாங்கிக்கொண்டேன்.

ஆய்வுக்கூடத்தில் ஒரு மேஜைமேல் ரெண்டு வரிசையாகத் தொட்டி வைத்திருந்தார்கள். எல்லாவற்றிலும் கடுகு விதைத்திருந்தது. ஒரு வரிசை பச்சைப் பசேல் என்று நின்றது. இன்னொரு வரிசை முளைத்து, மஞ்சளாகி, தலையைத் தொங்கப் போட்டு மண்ணில் படுத்திருந்தது. வாசலில் நாலு பிணத்தைக் கிடத்தின மாதிரி.

"இந்தப் பச்சை புரட்டாசியில எடுத்த மண்ணு" என்றாள் டாக்டரம்மா. "இது கார்த்திகையில எடுத்தது. ரெண்டும் உங்க காடுதான். இதுல களைமருந்து இருக்குது. எறும்புப் பொடியும் இருக்குது. மண்புழு ஒண்ணுகூடப் பொழைக்கல." குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. திட்டினால் திருப்பித் திட்டலாம். அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கியிருந்தது. மண்ணுக்கு அழுகிற ஆளை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

"பக்கத்துக் காட்டுக்காரன் மக்காச்சோளத்துக்கு அடிச்சான். காத்துல வந்திருக்கும்" என்றேன்.

"காத்துல வந்தா ஓரத்துல மட்டும் இருக்கோணும். இது காடு முழுக்க ஒரே சீரா இருக்குதுங்க." அப்புறம் ஒரு வெள்ளைப் பாரத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "யார் மேலயும் பழி போட நான் கூப்பிடல. என்ன மருந்து, எந்தத் தேதி, எத்தனை டேங்க்கு, அடிச்சவங்க எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தா போதும். அது எப்பத் தெளியும்னு பார்த்துட்டு, அஞ்சு வருசம் கழிச்சு மறுபடி சேர்த்துக்க எங்க விதியில இடம் இருக்குது. யாருன்னே தெரியலைன்னா இந்தக் காட்டைப் பட்டியல்ல இருந்து அடிச்சிருவாங்க. அப்புறம் எப்பவும் எடுக்க மாட்டாங்க."

எல்லோரும் என்னையே பார்க்கிற மாதிரி இருந்தது. அவ்வளவு படித்தவர்கள் நடுவே, வெள்ளை வேட்டியோடு, ஒரு கடுகுச் செடி முன்னால் குற்றவாளியாக நான் நிற்பதா? எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது.

"என்னைக் கேட்டா? வேலிக்குப் பக்கத்துலயே குடியிருக்கறது யாரு? ராத்திரி பகல்னு அங்கியே கெடக்கறது யாரு? இவளைக் கேளுங்க. பாதிதான் கெடைக்குதுங்கற வயித்தெரிச்சல்ல இவ பண்ணியிருப்பா!"

சொல்லிவிட்டேன்.

பூவாத்தாள் என்னைப் பார்த்தாள். அழவில்லை, கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் இன்னும் ரெண்டு வார்த்தை பேசியிருப்பேன். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு பேனாவை எடுத்தாள்.

"நான்தானுங்க அடிச்சேன். கார்த்திகை மூணாந்தேதி, வியாழக்கெழமை. மக்காச்சோளத்துக் களைமருந்து, பச்சைப் பாக்கெட்டு. எட்டு டேங்க்கு. காலையில ஏழு மணிக்கு ஆரம்பிச்சுப் பதினொண்ணு வரைக்கும். புத்துக்கிட்ட எறும்புப் பொடி ரெண்டு டப்பா."

எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். எட்டு டேங்க்குங்க! எனக்கே எட்டா ஒன்பதா என்று மறந்து போயிருந்தது. பாக்கெட் நிறம் வரைக்கும் சொல்கிறாள். அப்படியென்றால் என்ன அர்த்தம்? வேலிக்கு அந்தப் பக்கம் நின்று ஒவ்வொரு டேங்க்காக எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறாள். பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு ஒரு வார்த்தை தடுக்கவில்லை பாருங்க! அந்தத் திமிர்தான் எனக்குக் குமட்டுகிறது. ஒரு வார்த்தை, "அண்ணா வேண்டாம்" என்று…

சரி, கூப்பிட்டாள். "அண்ணா, அந்தம்மா ஒண்ணும் போட வேண்டாம்னாங்களே" என்று வேலியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். நான் "உன் பிசிறைப் போயி வெட்டு" என்றேன். அதற்கு மேல் ஒரு தடவை சொல்லியிருக்கக் கூடாதா? வேலியைத் தாண்டி வந்து டேங்க்கைப் பிடுங்கியிருக்கக் கூடாதா? தடை இருக்கிறதாம், காலெடுத்து வைக்கக் கூடாதாம். அன்றைக்குத்தான் அவளுக்குச் சட்டம் ஞாபகம் வந்தது.

டாக்டரம்மா அவளையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். எல்லாம் புரிந்துவிட்டது அந்தப் பெண்ணுக்கு. ஆனாலும் பாரத்தை நகல் எடுத்து ஆளுக்கொன்று கொடுத்தாள். "அஞ்சு வருசங்க. தயவு செஞ்சு சும்மா விட்டுருங்க" என்றாள்.

வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றோம். என்னால் தாங்க முடியவில்லை. "ஏண்டி பொய் சொன்னே? என்னைச் சின்னவனாக்கறதுக்கா?"

"நீங்க ஒத்துக்க மாட்டீங்கண்ணா. ஒருத்தர் ஒத்துக்காட்டி அந்தக் காடு எப்பவுமே தேறாதுன்னு அந்தம்மா சொல்லுச்சு. அதான்." அப்புறம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொல்கிறாள், "அஞ்சு வருசம் சும்மா விட்டாப் போதுமாம். நாம ரெண்டு பேரும் ஒம்பது வருசம் சும்மா விட்டவங்கதான?" சொல்லிவிட்டுச் சிரிக்கிறாள்! சிரிக்கிறாளுங்க!

எனக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்கச் சகிக்கவில்லை. வந்த பஸ்ஸில் அவள் ஏறினாள், நான் அடுத்த பஸ்ஸில் வந்தேன்.

மறுநாள் வக்கீலிடம் நகலைக் காட்டினேன். சும்மா, மண் தேறவில்லை என்று சொல்லத்தான் காட்டினேன். அவர் ஒரு தரம் படித்தார், ரெண்டு தரம் படித்தார். நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "நாச்சிமுத்து, இது என்னன்னு தெரியுதா? தடை இருக்கறப்பக் காட்டுக்குள்ள போனேன், மருந்து அடிச்சேன்னு எதிர்த்தரப்பே கைப்பட எழுதிக் கொடுத்திருக்குது! ஒம்பது வருசமா நான் என்ன கத்தியும் கிடைக்காதது இது. வர்ற வாய்தாவுல இதைக் கொடுத்தாக் காடு உங்களுதுதான்" என்றார்.

அடிச்சது யாரு என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அந்த வாய்தா இன்றைக்குத்தான். பத்தரைக்கு. நகல் இதோ, சட்டைப் பையில். பேரம் என்றால் பேரம்தான். எதிராளி தானாக இறங்கினால் நான் என்ன ஏறச் சொல்ல முடியுமா? யார் அவளை எழுதச் சொன்னது? நான் சொன்னேனா? முழுசாகக் கையில் வைத்திருந்தவள் முதலில் பாதிக்கு இறங்கினாள், அப்புறம் ஒன்றுமே இல்லாமல் எழுதிக் கொடுத்துவிட்டுச் சிரிக்கிறாள். இப்படிப்பட்ட ஆளோடு எப்படிங்க வியாபாரம் பண்ணுவது? எனக்கு அவள்மேல்தான் அருவருப்பு. அந்தக் காகிதத்தைத் தொட்டால்கூடக் கையெல்லாம் மருந்து நாற்றம் அடிக்கிறது. நீங்க வேணா மோந்து பாருங்க. இல்லையா? அடிக்கலையா? எனக்கு அடிக்கிறது.

கொடுக்கத்தான் போகிறேன். ஏன் கொடுக்கக் கூடாது, சொல்லுங்க பார்ப்போம். என்ன பேசாமல் இருக்கீங்க? நீங்களும் அந்த டாக்டரம்மா மாதிரியே பார்க்கறீங்க.

ஏப்பா கண்டக்டர்! கோர்ட்டு ஸ்டாப் இன்னும் வரலையா? என்னது, போயிருச்சா? எப்பப் போச்சு? ரெண்டு தரம் கத்தினியா? எங்க கத்தினே? ஒரு ஆளு எந்த ஸ்டாப்புக்கு டிக்கெட்டு எடுத்தான்னு பார்த்து இறக்கி விடறதுக்கு உனக்கு என்ன கேடு? இந்த மாதிரி ஆளுங்களைப் பஸ்ஸுல போட்டா உருப்படுமா?

எல்லாம் உங்களாலதாங்க. பேச்சுக் கொடுத்துப் பேச்சுக் கொடுத்து என் ஸ்டாப்பை விட வச்சுட்டீங்க.

நிறுத்தறியா? இங்கியா? வேண்டாம், வேண்டாம், நடு ரோட்டுல எதுக்கு இறங்கறது. வெயிலு வேற. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஒரு டிக்கெட்டுக் கொடு. அங்கிருந்து திரும்பி வர்ற பஸ்ஸைப் பார்த்துக்கறேன். மணி என்னங்க இப்ப? பத்தே காலா. பஸ் ஸ்டாண்டு போயி, திரும்பி வந்து… ம். முடியாதுதான். அதுக்குள்ள பேரைக் கூப்பிட்டு முடிச்சிருப்பாங்க.

போகட்டும். அடுத்த வாய்தா வராமலா போயிரும்?

எதுக்குங்க சிரிக்கறீங்க? நானா இறங்க மாட்டேன்னேன்?